கண்டக்டர் முதலில் இறங்குவார்

கல்யாண வீடுகளுக்குப் போவதையே நான் குறைத்துக்கொண்டேன். இலை போட்டு, பருப்புக்கு நெய் விழுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "பலூன்ல போன அக்கா நீங்கதானா?" ஆமாம் என்றால் கதை சொல்ல வேண்டும். இல்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்லத் தொடங்குவார். பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் அந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்களும் உண்டு.

ஊரில் உலவும் கதை இதுதான். ஒரு பஸ் கண்டக்டரும் அவர் பெண்டாட்டியும் பலூனில் போனார்கள். தரையில் இறங்கும் நேரத்தில் பெருங்காற்று அடித்து அவரைக் கூடைக்கு வெளியே எறிந்துவிட்டது. பெண்டாட்டி உள்ளே மாட்டிக்கொண்டாள். பலூன் மறுபடியும் மேலே போனது. அவர் விடவில்லை, கயிற்றைப் பிடித்துத் தொங்கினார், கை தளர்ந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். "அதாக்கும் ஸ்நேகம்" என்று முடிப்பார்கள். பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் குனிந்து பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன்.

கதையில் ஒரே ஒரு இடம்தான் தப்பு. காற்று அவரை எறியவில்லை. அவராகத்தான் இறங்கினார்.

அதைப் புரிந்துகொள்ள என் வீட்டுக்காரரின் தொழிலைச் சொல்ல வேண்டும். வேலைக்காலம் முழுக்கப் பாறசாலை வெள்ளறடை வழியில் கண்டக்டராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் வண்டி நின்ற பிறகு எழுந்திருக்கும் வழக்கமே கிடையாது. நிறுத்தத்துக்கு முந்தின வளைவிலேயே எல்லாரும் எழுந்து, பையைக் கக்கத்தில் இடுக்கி, வாசலுக்கு நெருக்கியடித்துப் போய் நிற்பார்கள். நின்ற பிறகு எழுந்தால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். அவர்களுக்கெல்லாம் முன்னால் என் வீட்டுக்காரர் நிற்பார். ஒரு பெல் அடிப்பார், வண்டி வேகம் குறையும், சக்கரம் நிற்பதற்கு முன்பே அவர் கால் தரையில் இருக்கும். இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டுவார். மரச்சீனிக்கிழங்குச் சாக்கோடு வரும் கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்தக் கையைப் பிடித்து இறங்குவார்கள். வாய் என்னவோ "வேகம் எறங்கு, வேகம் எறங்கு" என்று விரட்டிக்கொண்டுதான் இருக்கும். கை மட்டும் அவசரப்படாது. கல்யாணத்துக்கு முன்பு நானும் அந்தக் கையைப் பிடித்து இறங்கியவள்தான். அதிகம் சொல்ல வேண்டாம், அந்தக் கையால்தான் கல்யாணமே.

பலூன் எங்களுக்கு நகைக்கடைக் குலுக்கலில் விழுந்தது. தங்கை மகளுக்குக் கம்மல் எடுக்கப் போன இடத்தில் ஒரு கூப்பனைக் கிழித்துக் கொடுத்தார்கள். எனக்கு மிக்சி விழ வேண்டும் என்றுதான் ஆசை. என் பழைய மிக்சி தேங்காய் அரைத்தால் கரிந்த வாசனை அடித்துக்கொண்டிருந்தது. மிக்சி வேறு யாருக்கோ போனது. எங்களுக்குக் கணவன் மனைவி இருவரும் ஆகாயத்தில் பறக்கும் பரிசு. அவர் கடைக்காரனிடம் மாற்றித் தரச் சொல்ல மாட்டார். டெப்போ முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளறடைக்கு மேலே, ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவுக்குப் போட்டிருந்த ஒரு சரிவில் பலூனை விரித்திருந்தார்கள். விடியுமுன்னே போய்விட்டோம். ஓட்டுகிறவர் ராஜஸ்தான் பக்கத்து ஆள், நடுவயது, தூக்கம் போதாத முகம். அந்த நேரத்துக் காற்று மலையிலிருந்து கடலைப் பார்த்து மெதுவாக இறங்கும், பறப்பதற்கு அதுதான் நல்லது என்றார். வெயில் ஏறினால் அதுவே முரண்டு பிடிக்கும், அதற்குள் இறங்கிவிட வேண்டும். ஆங்கிலத்தில் அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். பயணிகளிடம் பேசும்போது விரலை உயர்த்துவார், அன்றைக்கும் உயர்த்தினார்.

"கூடை தரையில தட்டினாலும் அவரு சொல்லாம எறங்கப்பிடாது ஆக்கும். ஒரு ஆளு எறங்குனா கனம் கொறையும். கனம் கொறஞ்சா பின்னயும் மேல பொங்கும். கேட்டியா?"

கேட்டேன். இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அப்புறம் காத்திருந்தோம். நகைக்கடைக்காரர்களுக்குத் திறப்பு விழா இல்லாமல் எதுவும் ஆகாது. ஒரு மேசை போட்டுத் துணி விரித்துக் குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். விளக்கேற்ற வேண்டிய முக்கியஸ்தர் வரவில்லை. போன் போட்டால், புறப்பட்டாச்சு என்றார்கள். பிறகு போட்டாலும் புறப்பட்டாச்சுதான். ஓட்டுகிறவர் ஒரு சின்னக் கறுப்பு பலூனில் வாயு நிரப்பிக் காற்றில் விட்டுப் பார்த்தார். அது சாதுவாகத் தெற்கே போனது. கிழக்கே மலைக்கு மேல் சூரியன் முழுசாக வந்த பிறகு இன்னொன்றை விட்டார். அது மர உயரம் வரை நேராகப் போய், அங்கே ஏதோ கை தட்டிவிட்டதுபோலச் சட்டென்று பக்கவாட்டில் ஓடியது. அவர் நகைக்கடை மேனேஜரிடம் போய் இன்றைக்கு வேண்டாம் என்றார். மேனேஜர் பத்திரிகைக்காரர்களைக் காட்டினார்.

முக்கியஸ்தர் வந்தார். பேசினார். நம் நாடு வானம் வரை வளர்ந்துவிட்டது என்பதுபோல ஏதோ சொன்னார். பிறகு விளக்கேற்றப் போனார்கள். திரி பற்றியது, அணைந்தது. மறுபடியும் பற்றியது, அணைந்தது. பட்டுப்புடவை கட்டின பெண்கள் சுற்றி நின்று கையால் மறைத்தார்கள். யாரோ ஒரு குடையைக்கூட விரித்துப் பிடித்தார்கள். ஒரு விளக்கைப் பற்றவைக்க இத்தனை பேர் காற்றோடு மல்லுக்கட்டினார்கள், அந்தக் காற்றில்தான் இந்த இரண்டு பேரையும் அனுப்பப் போகிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்குப் பசி. ஓட்டுகிறவர் மட்டும் அணைந்த திரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவரும் மாதச் சம்பளக்காரர்தானே.

மேலே போனது நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. நெருப்பு சீறுவது நின்றால் ஒரு சத்தமும் இல்லை. கீழே யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது கேட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே அவருடைய வண்டி போகும் ரோடு தெரிந்தது. "அதா, ஃபஸ்ட் டிரிப் போயாச்சு" என்றார். காற்றே இல்லையே என்று நான் கேட்டேன். நாமும் காற்றோடு போகிறோம், அதனால் நமக்குத் தெரியாது என்றார் ஓட்டுகிறவர். கீழே பார்க்கச் சொன்னார். தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தன. வீடுகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் இறங்க இடம் கிடையாது. மேலே இருந்து பார்த்தால்தான் அது தெரியும். வீட்டுக்கு வீடு தென்னை, தென்னை இல்லாத இடத்தில் ரப்பர், ரப்பர் இல்லாத இடத்தில் வீடு, எல்லாவற்றுக்கும் குறுக்கே கரண்டுக் கம்பி. ஒரு பள்ளி மைதானத்தை விட்டுவிட்டோம், ஓரத்தில் கம்பி போனது. செங்கல் ஊர்ச் சிவன் கோயில் வலது கைப்பக்கம் தெரிந்து பின்னால் போனது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு பளபளத்தது. அது என்ன என்று கேட்டேன். கடல் என்று சொன்னார் என் வீட்டுக்காரர். ஓட்டுகிறவர் கீழே இடம் தேடிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அறுவடை முடிந்த ஒரு வயல் வந்தது. ஒரு பாதியில் வாழை, மறு பாதி வெறும் தாளடி. முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் ஓட்டுகிறவர். கூடை தரையைத் தட்டியது, குதித்தது, மறுபடியும் தட்டியது, சேற்றைக் கீறிக்கொண்டு போய் நின்றது. நின்றது என்றுதான் நானும் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் யோசித்து எதுவும் செய்யவில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன். அவர் தலை அந்த இடத்திலேயே இல்லை. கால்தான் செய்தது. வலது கால் விளிம்புக்கு மேல் போனது, அத்தனை பெரிய உடம்பு அவ்வளவு லேசாகத் தாண்டியது. இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டினார்.

"வா, பதுக்கே." மெதுவாக வா என்று.

நானும் கையை நீட்டினேன். அவர் விரல்கள் என் விரல்களில் பட்டன. அதற்குள் அவர் குள்ளமாகத் தொடங்கினார். நான்தான் மேலே போய்க்கொண்டிருக்கிறேன் என்று புரிய எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது.

முன்னால் கரண்டுக் கம்பி. காற்று எங்களை அதன்மேல் தள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவருக்கு வேறு வழியில்லை, நெருப்பை முழுசாகத் திறந்தார். கூடையின் பக்கத்தில் தொங்கிய கயிற்றை என் வீட்டுக்காரர் பிடித்தார். வாழைத்தோட்டத்திலிருந்து ஆட்கள் "பிடிக்கெடா, பிடிக்கெடா" என்று ஓடி வந்து அவர்களும் பிடித்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் நல்லவர்கள், எதையும் பிடித்து இழுக்க வருவார்கள். விடு, விடு என்று ஓட்டுகிறவர் தொண்டை கிழியக் கத்தினார். கால் தரையைவிட்டு எழும்பியதும் அவர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். ஒவ்வொருவர் விடும்போதும் கூடை எகிறியது. இவர் விடவில்லை.

"விடுங்க" என்றேன். அப்போது அவர் பெருவிரல் இன்னும் சேற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்தார், விடவில்லை. வாழை உயரம் வந்தபோதும் விடுங்க என்றேன். அதற்கு மேலே போன பிறகு, சொன்ன அதே வாயால் "பிடிச்சுக்கிடுங்க, பிடிச்சுக்கிடுங்க" என்று கத்தினேன். அவரால் முடியவில்லை. வாழை இலைகள் கிழிகிற சத்தம் கேட்டது. அவர் கனமும் போனதும் பலூன் இன்னும் வேகமாக மேலே போனது.

பிறகு நடந்ததை யாரும் கேட்பதில்லை. கதை அங்கே முடிந்துவிடுகிறது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நான் அந்தக் கூடையில் போனேன். கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்துக் கால்பந்து மைதானத்தில் ஓட்டுகிறவர் பலூனின் உச்சித்துணியைத் திறந்துவிட்டு எங்களைப் போட்டார். இறக்கினார் என்று சொல்ல முடியாது. கூடை சரிந்து, காற்று துணியை இழுக்க, கோல் கம்பம் வரை மண்ணில் தேய்ந்துகொண்டே போனோம். என் காரை எலும்பு முறிந்தது. துணி சுருங்கித் தரையில் கிடக்கிறது, ஆட்கள் கூடிவிட்டார்கள், யாரோ என் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நான் வரவில்லை. ஓட்டுகிறவர் தவழ்ந்து வந்து, இறங்கலாம் என்று சொன்ன பிறகுதான் இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்து, நர்ஸிடம் முதலில் சொன்னது, "காத்து என்னைய எடுத்து எறிஞ்சிட்டு சிஸ்டரே" என்பதுதான். நான் கையைத் தொட்டில்போலக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வலியில் ஏதோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதையேதான் சொன்னார். வந்து பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். இறங்கியது அவருக்கு மறந்தே போய்விட்டது என்று எண்ணினேன்.

இடுப்பிலும் தொடையிலும் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்தால் நடப்பார், நடக்காவிட்டால் கட்டில்தான், அது அவர் மனசைப் பொறுத்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனசு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள். நான் கெஞ்சினேன், திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவருடைய வண்டியை ஓட்டிய பழைய டிரைவர் வந்து, "எலே, பெண்டாட்டிக்காக ஆகாசத்துல தொங்கினவன் ஆக்கும் நீ. இந்தக் கட்டில் கம்பியப் பிடிச்சு எந்திக்க ஒக்காதா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

அன்றோடு எனக்குத் தெரிந்துபோனது. அந்தக் கதைதான் அவருக்கு ஊன்றுகோல். அதைப் பிடித்துத்தான் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து முற்றம் வரை வந்தார். நீங்கள் இறங்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அப்புறம் எழுப்ப என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் உண்டு. பாறசாலையில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று பில் போடுகிறேன். காலையில் அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போய், சாயங்காலம் வந்து சோறு வைத்து, அவர் காலைத் தூக்கி எண்ணெய் தடவுகிறேன். மழை நாளில் என் தோள் வலிக்கிறது. அதற்கு நடுவே வருகிறவர்களுக்கெல்லாம் சாயா போட்டு, காற்று எறிந்த கதையை வாசலில் நின்று கேட்கிறேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் தொங்கினாராம். அவர் தொங்கியதால் நான் கண்டது அவர் விழுவதை மட்டும்தான். என் கண்ணால் பார்த்ததை என் வீட்டிலேயே நான் சொல்ல முடியாது. சலிப்பு என்றால் இதுதான் சலிப்பு.

பலூன் ஓட்டியவர் ஒருமுறை பார்க்க வந்தார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. பறப்பதை விட்டுவிட்டாராம், இப்போது மைதானத்தில் மற்றவர்களுக்குக் காற்றைப் பார்த்துச் சொல்லும் வேலை மட்டுமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரைகுறை மலையாளத்தில், "சேட்டா, அன்னு எந்தினா..." என்று தொடங்கினார். அன்றைக்கு எதற்காக என்று கேட்கப் போகிறார். நான் குறுக்கே போய்ச் சாயா தம்ளரை அவர் கையில் திணித்தேன்.

"சாயா தணுக்கும், குடிக்கணே" என்றேன், ஆறிப்போகும் என்று.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு மடக்குக் குடித்தார். "காற்று. சீத்த காற்று ஆயிருந்நு" என்றார். கெட்ட காற்று. என் வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வந்தால் கதையை முழுசாகச் சொல்கிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை. அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நானும் அலுத்துத்தான் இருந்தேன்.

இந்த மழைக்காலம் முடிந்து, நெய்யாற்றின்கரையில் டாக்டரைப் பார்க்க அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் பஸ். ஆட்டோ வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கண்டக்டர் அவரோடு வேலை பார்த்தவர், முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். அவர் ஜன்னலோரம், கம்பை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெல்லையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுக்கு முந்தின வளைவில் எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அவரை இறக்க நேரமாகும், முன்னால் போய் நின்றால்தான் நல்லது. பையைத் தோளில் மாட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரி" என்றார். "வண்டி நிக்கட்டு."

உட்கார்ந்தேன். வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். என்ஜினும் அணைந்தது. கண்டக்டர் கீழே இறங்கித் திரும்பி நின்று எங்களுக்காகக் கையை நீட்டினார். இவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. என் மணிக்கட்டையும் விடவில்லை.

"அண்ணைக்கு காத்து ஒண்ணும் எறியல" என்றார். "நான் எறங்கினேன்."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நீ கல்யாண வீட்டுக்குப் போகும்போதெல்லாம், இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு பயந்துட்டு இருந்தேன். சோறு எறங்காது." என் பக்கம் திரும்பி, "நீ ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"நீங்க நடக்கணுமில்லியா."

அவர் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமில்லை, துக்கமும் இல்லை. இவ்வளவு நாளும் ஒரே சுமையின் இரண்டு முனையையும் ஆளுக்கொரு பக்கமாக, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோமே என்ற அசதி. வெளியே கண்டக்டர், "அண்ணாச்சி, வரல்லியா?" என்று கேட்டார்.

நான் அவர் கைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கப் போனேன். அவர் வேண்டாம் என்றார். கம்பை ஊன்றி, சீட்டில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நீ மொதல்ல எறங்கு மக்கா. நான் கனத்துக்கு இருக்கேன்."

இறங்கினேன். கண்டக்டரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, திரும்பி நின்று, நான் கையை நீட்டினேன்.